காசியில் தங்க இடம்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகிறேன், எந்த அறை சரிப்படும்?

பவானிக்கரை (ஈரோடு)

வணக்கம். கார்த்திகை மாதத்தில் அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போகிறேன். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, தங்குமிடம்தான் இன்னும் முடிவாகவில்லை. அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மெதுவாக நடப்பார். அம்மாவுக்கு 72. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது முழங்காலுக்கு "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். துணைக்கு அண்ணன் மகன் வருகிறான், 19 வயது. பெட்டி தூக்குவான், மற்ற நேரமெல்லாம் போனுக்குள் இருப்பான்.

ஐந்து இரவுகள், இரண்டு அறைகள். ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 3,500. அப்பா தம் பெற்றோருக்குத் திதி கொடுக்க வேண்டும் என்கிறார். அம்மாவுக்குக் கங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு ஆசை எதுவும் இல்லை.

மூன்று இடங்களை யோசித்து வைத்திருக்கிறேன். முதலாவது, படித்துறை மேலேயே இருக்கும் பழைய மாளிகை ஒன்று. இப்போது விடுதியாக்கியிருக்கிறார்கள். படத்தில் மாடத்தில் நின்றால் கங்கை காலடியில் ஓடுகிறது. ஐந்துக்கு 4.6 மதிப்பெண். இரண்டாவது, நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். மூன்றாவது, கண்டோன்மெண்ட் பக்கம் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு நட்சத்திர ஓட்டல். தள்ளுபடியில் நம் கணக்குக்குள் வருகிறது. எனக்கு முதலாவது மேல்தான் மனம் போகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

சகோதரி, அந்த முதல் விடுதியை மறந்துவிடுங்கள். படம் பொய் சொல்லவில்லை. மாடமும் இருக்கும், கங்கையும் இருக்கும். அந்த மாடத்துக்கு உங்கள் அம்மா எப்படிப் போய்ச் சேருவார் என்பதைத்தான் படம் காட்டாது.

எங்கள் ஊரிலிருந்து வருடம் ஒருமுறை இருபது இருபத்தைந்து பேரைக் காசி, பிரயாகை, கயை என்று கூட்டிப் போகிறவன் நான். தொழில் அல்ல, பழக்கமாகிவிட்டது. 2004-இல் முதன்முதலாகப் போனபோது என் அம்மாவை மட்டும் அழைத்துப் போனேன். நீங்கள் சொல்வது போலவே ஒரு மாளிகை, யாரோ ஒரு ராஜா கட்டியது என்றார்கள். படகில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறோம் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கி அண்ணாந்து பார்த்தால் படி. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முப்பத்தொன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய் விசுவநாதரைப் பார்த்துவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னாள். மேலே இன்னும் ஐம்பத்து மூன்று இருந்தன. காசியில் துறைகள் 84 என்பார்கள். எனக்கு 84 என்றால் அந்தப் படிகள்தான்.

அன்றிலிருந்து எந்த விடுதிக்குப் போன் செய்தாலும் வாடகைக்கு முன்னால் படியைக் கேட்கிறேன்.

காசியின் அமைப்பு அப்படி. ஊர் முழுக்கக் கங்கையின் மேற்குக் கரை மேட்டில் இருக்கிறது. படித்துறை விடுதிக்குக் கீழே இருந்து வந்தால் படி, மேலே இருந்து வந்தால் சந்து. சந்து என்றால் நம் ஊர்ச் சந்து அல்ல. எதிரே காளை வந்தால் நீங்கள் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்க வேண்டும். அதே சந்தில் மோட்டார் சைக்கிளும் வரும். கார், கோயில் பக்கத்துக் கடைத்தெருவான கோதௌலியாவுக்கு முன்பே நின்றுவிடும். "கோயிலிலிருந்து 300 மீட்டர்" என்று வரைபடம் காட்டுவது காக்கை பறக்கும் தூரம். உங்கள் அம்மா காக்கை அல்லவே.

உள்ளே போனாலும் தீராது. பழைய மாளிகைகளில் லிஃப்ட் இருக்காது. இருக்கிறது என்று சொன்னால் எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். தரைத்தளத்தில் கடைகளும், பதினெட்டுப் படி ஏறிய பிறகு லிஃப்டும் இருக்கும் கட்டிடத்தில் நான் தங்கியிருக்கிறேன். மின்சாரம் போனால் விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடும், லிஃப்ட் ஓடாது. ஜெனரேட்டர் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தி தெரியாவிட்டால் இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "சடக் ஸே கம்ரே தக் கித்னீ சீடியாங் ஹைங்?" சாலையிலிருந்து அறை வரை எத்தனை படி. "ஜ்யாதா நஹீங்", அதிகம் இல்லை, என்று பதில் வந்தால் அந்த விடுதி வேண்டாம். எண்ணிச் சொல்கிறவனிடம் அறை எடுங்கள்.

இனி எங்கே தங்குவது. அது நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திதி கொடுப்பதுதான் முக்கியம் என்றால் அனுமன் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம். சடங்கு செய்து வைக்கும் நம் வாத்தியார்கள் அங்கேதான் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், காஞ்சி மடமும் அங்கேதான். பாரதியார் சிறுவயதில் அத்தை வீட்டில் இருந்து படித்ததும் அதே பகுதியில்தான். சோனார்புரா சாலையில் ஆட்டோ நிற்கும், அங்கிருந்து சந்துக்குள் சிறிது நடை. சிராத்தம் என்றால் குளிக்க வேண்டும், ஈர வேட்டியோடு உட்கார வேண்டும், மறுபடி குளிக்க வேண்டும். கண்டோன்மெண்டில் அறையைப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு அரை மணி நேரம் ஆட்டோவில் வந்து பாருங்கள், நவம்பர் குளிரில் அப்பாவுக்குச் சளி பிடிக்காவிட்டால் விசுவநாதர் கருணை. பஞ்ச தீர்த்தமும் செய்வதானால் அசி, தசாசுவமேதம், வருணை சேரும் இடத்தில் ஆதிகேசவர், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்று படகிலேயே போய்வர வேண்டும், நாள் முழுதும் ஆகும். அன்று அறை பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாலையில் தெரியும்.

தரிசனம்தான் முக்கியம் என்றால் கோதௌலியா பக்கம் உள்ள நகரத்தார் சத்திரம். சுசீல் தியேட்டர் என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னால் போதும். நகரத்தார் அல்லாதவர்களுக்கும் அறை தருகிறார்கள், ஆனால் முன்கூட்டியே பேசி உறுதிசெய்யாமல் போய் நிற்காதீர்கள். நம் சாப்பாடு கிடைக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கிருந்து தினமும் விசுவநாதருக்குப் பாலும் பூவும் வில்வமும் போகின்றன. "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டு சத்திரத்துக்காரர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று பாருங்கள். எண்பது வயதுக்காரர்கள் கூடப் பின்னாலேயே ஓடுவார்கள், மூட்டுவலி எங்கே போனது என்று தெரியாது. (என் அம்மா ஓடவில்லை. அவள் பிடிவாதக்காரி.) சத்திரத்தில் நட்சத்திர ஓட்டல் வசதியை எதிர்பார்க்க வேண்டாம். கீழ்த்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

கண்டோன்மெண்ட் ஓட்டலில் குறை ஒன்றும் இல்லை. லிஃப்ட், வெந்நீர், அகலமான சாலை எல்லாம் உண்டு. காசிதான் இருக்காது. ஒவ்வொரு முறையும் நெரிசலில் ஊர்ந்து வந்து ஊர்ந்து போக வேண்டும். நடுப்பகலில் அம்மா கொஞ்சம் சாய்ந்து எழ முடியாது.

இன்னும் சில. மணிகர்ணிகைக்கு அருகில் அறை மலிவாகக் கிடைக்கும். அங்கே சிதை அணைவதே இல்லை, இரவெல்லாம் சந்தில் "ராம் நாம் சத்ய ஹை" என்று பாடையோடு போய்க்கொண்டே இருப்பார்கள். சிலருக்கு அது மோட்ச வாசல், சிலருக்குத் தூக்கம் வராது. அம்மாவிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ரயில் அதிகாலையில் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஓட்டல்களில் பகல் 12 மணிக்குத்தான் அறை. நாலு மணிக்கு இறங்கி வரவேற்பறைச் சோபாவில் எட்டு மணி நேரம் வயதானவர்களை உட்கார வைக்க முடியாது. முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள், அல்லது பாதி வாடகைக்குச் சீக்கிரம் தருவார்களா என்று பேசி, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் மார்கழி தை மூடுபனியில் ரயில் பத்து மணி நேரம் தாமதமாவதும் சாதாரணம். நீங்கள் கார்த்திகையில் போவதால் அவ்வளவு மோசம் இருக்காது.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். தீபாவளி கழிந்த பதினைந்தாம் நாள் பௌர்ணமி, தேவ தீபாவளி. எல்லாப் படித்துறைகளிலும் விளக்கேற்றுவார்கள். அன்றைக்கு 3,000 ரூபாய் அறை 10,000 ஆகும், அதுவும் கிடைக்காது. உங்கள் தேதி அதில் மோதுகிறதா?

மயிலைக் குயில் (சென்னை)

வெண்ணாறு ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் கங்கையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு ஆசையோடு வருகிறவரைக் கோதௌலியாவில் கடைத்தெருவைப் பார்க்க வைக்கச் சொல்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மாமியாருக்கு அப்போது 76. கேதார் காட் மேலே ஒரு சிறு விடுதியில் மூன்று நாள் இருந்தோம். படி இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு பையன்களைப் பிடித்து நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம், ஆளுக்கு இருநூறு. ஏறியவர் மூன்று நாளும் இறங்கவில்லை, ஒரே ஒரு முறை தவிர. காலை நாலரைக்கு எழுந்து கட்டிலைச் சன்னலோடு ஒட்டிப் போடச் சொல்வார். எதிர்க்கரையில் வீடு வாசல் எதுவும் இல்லை, வெறும் மணல். அந்த மணல் மேல்தான் சூரியன் வருவான். கீழே கேதாரேசுவரர் கோயில் படிகளில் நம் ஊர்க் கோயில் மதில் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. "திருவண்ணாமலைக்கு வந்தது போல இருக்கிறது" என்பார். விசுவநாதரைக் கூட அவ்வளவு பேசவில்லை, அந்தச் சன்னலைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்.

ஆனால் உங்கள் அம்மாவைத் தூக்கிச் செல்லச் சொல்ல மாட்டேன், மூட்டு மாற்றியவர். ஒருவன் கை நழுவினாலும் ஆபத்து. அசி காட் பக்கம் பாருங்கள். தெற்குக் கோடி. வண்டி படித்துறைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே வரும். சந்துக்குள் புதைந்த ஊர் இல்லை அது, கொஞ்சம் காற்றோட்டமான இடம். விடிகாலையில் அங்கேயே ஆரத்தியும் பாட்டும் நடக்கும், தசாசுவமேதத்து மாலை ஆரத்திக் கூட்டத்தில் மிதிபட வேண்டியதில்லை. விசுவநாதர் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவில் போய்வரலாம். ஐந்து இரவையும் ஒரே இடத்தில் கழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? காரியத்துக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டு என்று பிரியுங்கள்.

அறை பதிவு செய்யும்போது "கங்கை தெரியும் அறை" என்று விலை கூட்டிக் கேட்பார்கள். படுக்கையிலிருந்து தெரியுமா, அல்லது குளியலறைச் சன்னலில் கழுத்தை நீட்டினால் தெரியுமா என்று கேளுங்கள். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் இப்போது அனுப்புகிறார்கள். அந்த வீடியோவில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். மழைக்காலத்தில் கங்கை ஏறியதும் ஈரம் ஊறிச் சுண்ணாம்பு உதிரும் கட்டிடங்கள் நிறைய உண்டு. புதிதாக அடித்த பெயின்ட் இடுப்பு உயரம் வரை மட்டும் இருந்தால் அந்த அறை வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு இருமல் உண்டென்றால் நிச்சயமாக வேண்டாம்.

ஊர்சுற்றி67 (திருநெல்வேலி)

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறருக்காவது உதவட்டும்.

போன வருடம் காசியில் நல்ல பெயருள்ள ஒரு தங்குமிடத்தின் எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணில் பேசினேன். மரியாதையாகப் பேசினார்கள், அறைப் படங்கள் வந்தன, முன்பணம் 4,500 ரூபாய் கட்டக் க்யூஆர் குறியீடு வந்தது. கட்டினேன். ரசீது கேட்டதும் "பதிவு உறுதியாக இன்னும் 2,000 அனுப்புங்கள், நேரில் திருப்பித் தருவோம்" என்றார்கள். அங்கேதான் எனக்கு உறைத்தது. உண்மையான இடத்துக்குப் பிறகு பேசியபோது, "நாங்கள் அப்படிப் பணம் கேட்பதே இல்லை ஐயா, வாரம் நாலு பேர் இப்படி வந்து நிற்கிறார்கள்" என்றார்கள். 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பணம் வரவில்லை.

அதனால் எண்ணை இணையத் தேடலில் எடுக்காதீர்கள். போய்வந்த ஒருவரிடமிருந்து வாங்குங்கள். க்யூஆர் வந்தால் பணம் போகும் பெயர் யாருடையது என்று படியுங்கள். விடுதியின் பெயரோ உரிமையாளர் பெயரோ இல்லாமல் சம்பந்தமில்லாத ஆளின் பெயர் வந்தால் கை வைக்காதீர்கள். நான் அதைப் படித்தேன், படித்தும் கட்டினேன், அதுதான் இன்னும் எரிகிறது.

இன்னொன்று. ரயில் நிலையத்தில் ஆட்டோ ஏறியதும் விடுதியின் பெயரைச் சொன்னால், "அது மூடிவிட்டார்கள்", "அங்கே தண்ணீர் வந்துவிட்டது", "அறை நிரம்பிவிட்டது, நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்பார்கள். கமிஷன்தான். பதில் பேசாமல் விடுதிக்குப் போன் போட்டு ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள். குரல் உடனே மாறும்.

பில்லையும் பார்த்துக் கட்டுங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 3,000 ரூபாய் அறைக்கு 150. பழைய 12 சதவீதக் கணக்கில் 360 போட்டால் வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பினாங்கு வாசகன்

மலேசியாவிலிருந்து போகும் நம் மக்களுக்கு ஒரு செய்தி. கடப்பிதழில் வருகிறவர்களின் விவரத்தை விடுதிக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் பதிய வேண்டும், சி படிவம் என்று பழக்கத்தில் சொல்வார்கள். அந்த வசதி இல்லாத சிறு லாட்ஜுகள் வாசலிலேயே "வெளிநாட்டவருக்கு அறை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் இரவு பதினொரு மணிக்கு அப்படி நின்றோம், தமிழ் பேசினாலும் கடப்பிதழ் கடப்பிதழ்தான். பதிவு செய்யும்போதே "வெளிநாட்டுக் கடப்பிதழ், சி படிவம் போடுவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். விசாவையும் தாளில் அச்செடுத்து வைத்திருங்கள், போனில் காட்டினால் நகல் வேண்டும் என்பார்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அசி பற்றி மயிலைக் குயில் சொன்னது எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தோடு போகிறவனுக்குக் கோயிலும் வாத்தியார் வீடும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. சரியான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். நாற்காலியில் தூக்கியதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர்சுற்றி சொன்னதோடு சேர்த்து: ஆளுக்கு ஓர் அசல் அடையாள அட்டை வேண்டும், பையனுக்கும்தான். பான் அட்டையை ஏற்க மாட்டார்கள், அதில் முகவரி இல்லை. ஆதார் நகல் கொடுப்பதானால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகலை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கோயிலுக்குள் போன், பை எதுவும் கொண்டுபோக முடியாது. அறை பக்கத்தில் இருந்தால் அறையிலேயே பூட்டிவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் கோயில் வாசலில் பூமாலைக் கடைக்காரரின் பெட்டிக்குள் வைத்து, அதற்காகவே அவரிடம் நூறு ரூபாய்க்குப் பிரசாதம் வாங்க வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் கீசரைப் போடுங்கள், பத்து நிமிடம் கழித்துக் குழாயில் கை வையுங்கள். பிறகு கழிப்பறைத் தரையை ஈரமாக்கி, செருப்பில்லாமல் ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். வழுக்கினால் அறையை மாற்றச் சொல்லுங்கள். அந்த வயதில் விழுவது படியில் மட்டுமல்ல, குளியலறையிலும்தான். கைப்பிடி இருக்காது, பிளாஸ்டிக் முக்காலி ஒன்று கேட்டு வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள், உட்கார்ந்து குளிக்கட்டும்.

குரங்கு. ஈரத்துணியை மாடியில் காயப்போடாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு எடுத்த மயில்கண் வேட்டியை உலர்த்தினார். ஒரு குரங்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்மாடியில் போய் உட்கார்ந்தது. இவர் இங்கிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். குரங்குகளுக்குப் பேர்போன துர்கா குண்டத்துக் கோயிலின் தேவஸ்தானக்காரர் மாதிரி அது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போயிற்று. நாலு முழம் கொடிக்கயிறு கொண்டுபோனால் அறைக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம்.

பவானிக்கரை (ஈரோடு)

எல்லோருக்கும் நன்றி. தேதியைப் பார்த்தேன், நாங்கள் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய நாள்தான் தேவ தீபாவளி. தப்பித்தோம் என்று நினைத்தேன், ஆனால் அதற்கு வந்தவர்கள் காலி செய்யாததால் சத்திரத்தில் கீழ்த்தள அறை இல்லை என்றார்கள். மாளிகையைக் கைவிட்டேன். மனம் இல்லாமல்தான்.

இப்போது சோனார்புராவில் சாலையோரமாகவே ஒரு சாதாரண லாட்ஜைப் பிடித்திருக்கிறேன். அந்த இந்தி வரியை எழுதி வைத்துப் படித்தேன். எதிர்முனையில் இருந்த பையன் ஒரு கணம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டு, "இருங்கள் அக்கா" என்று போனை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். காலடிச் சத்தம் போவதும் வருவதும் கேட்டது. திரும்பி வந்து "க்யாரஹ்" என்றான். பதினொன்று. உடனே மூன்று இரவுக்குப் பதிந்துவிட்டேன். அடுத்த இரண்டு இரவு அசியில், படுக்கையிலிருந்து கங்கை தெரியும் அறை. வீடியோவில் சுவரின் அடியைப் பார்த்துவிட்டேன், பெயின்ட் பழசுதான், முழுச் சுவருக்கும் ஒரே அளவு பழசு.

பவானிக்கரை (ஈரோடு)

போய்வந்துவிட்டோம். எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

ரயில் மூன்று மணி நேரம் தாமதம். முந்தைய இரவுக்கும் பணம் கட்டியிருந்ததால் காலை ஏழரைக்கு அறை தயாராக இருந்தது. அந்த ஒரு யோசனைக்காகவே வெண்ணாறு ஐயாவுக்கு அம்மா கும்பிடு சொல்லச் சொன்னார். ஆட்டோக்காரர் நிலைய வாசலைத் தாண்டுவதற்குள் "அந்த லாட்ஜில் தண்ணீர் வரவில்லை" என்றார். அண்ணன் மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே லாட்ஜுக்கு அடித்து அவர் காதில் வைத்தான். பயணத்தில் அவன் செய்த ஒரே வேலை அது, ஆனால் நல்ல வேலை.

லாட்ஜ் வாசலில் இறங்கியதும் அப்பா எண்ணத் தொடங்கினார். நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், சும்மா இருப்பாரா. அறை வாசலில் நின்று "பதினான்கு" என்றார். நான் வரவேற்பு மேசைப் பையனிடம் கேட்டேன். சாலையிலிருந்து வாசலுக்கு ஏறும் மூன்றையும் அவன் படியாகவே நினைக்கவில்லையாம், அது தெருவோடு சேர்ந்ததாம். அம்மா ஒவ்வொரு படியாக, நல்ல காலை முதலில் வைத்து, நான்கு நிமிடத்தில் ஏறிவிட்டார்.

திதி நல்லபடியாக நடந்தது. முடிந்ததும் ஈர வேட்டியோடு அப்பா மெதுவாக நடந்தே வந்து, பத்து நிமிடத்துக்குள் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தார். சளி பிடிக்கவில்லை.

அசியில் இரண்டு காலையும் அம்மா நாற்காலியைச் சன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கு உட்கார்ந்தார். எட்டு மணிக்கு நான் காபி கொண்டுபோனபோது அதே இடத்தில், சால்வை நழுவியது கூடத் தெரியாமல். "படகுக்காரன் ஒருத்தன் மூன்று முறை போய்விட்டு வந்துவிட்டான், ஒரு சவாரியும் இல்லை அவனுக்கு" என்றார்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

பதினான்கு. குறித்துக்கொண்டேன். தை மாதம் ஒன்பது பேரோடு போகிறேன், அதில் நாலு பேருக்கு முழங்கால். லாட்ஜின் பெயரையும் அந்தப் பையன் எண்ணையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பவானிக்கரை (ஈரோடு)

அனுப்பிவிட்டேன் ஐயா. தெருப்பக்கத்து அறை தந்தால் வாங்காதீர்கள், எதிரே பால்கடை, மூன்றரைக்கே கேன்களை உருட்டுகிறார்கள். முக்காலி அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதற்கும் ஒரு கால் ஆட்டம். நீங்கள் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.